இலவச இணையதளம்: முகப்பில் என்ன வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் காசு செலவில்லாமல் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்குவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கணக்கு தொடங்கியாச்சு, பெயரும் வைத்தாச்சு, முதல் பக்கத்தை என்ன செய்வது? அதனால் இந்த இதழ் முழுக்க முகப்புப் பக்கம்தான். ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே: இந்தப் பகுதியில் கோப்புப் பெயர், முகவரி எல்லாம் தமிழ் எழுத்தில்தான் அச்சாகும். நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: பிளாகரில் ஆறு வருடமாக எழுதுகிறேன், 240 பதிவுகள் இருக்கின்றன. முகவரியைத் திறந்தால் கடைசியாகப் போட்டதுதான் முதலில் வந்து நிற்கிறது. போன வாரம் போட்டது பேரனின் காதுகுத்துப் படங்கள். இலக்கணக் குறிப்பு தேடி வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். 'முகப்பு' என்று தனியாக ஒரு பக்கம் செய்து பார்த்தேன். அது முதலில் வரவும் இல்லை, அதன் முகவரியும் 'பிளாக்-பேஜ்' என்று என்னவோ போல வந்திருக்கிறது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, முதலில் அந்த 'பிளாக்-பேஜ்' சங்கதி. பிளாகரில் ஒரு பக்கத்துக்குத் தலைப்பு வைத்து வெளியிட்டதும் அந்தத் தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்துகளை வைத்துத்தான் அது முகவரி செய்துகொள்கிறது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் எடுத்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் 'பிளாக்-பேஜ்' என்று தானாக ஒன்றைப் போட்டுவிடும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். புதுப் பக்கம் திறந்து, தலைப்பில் ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று மட்டும் தட்டி, உள்ளே ஒரு வரி எழுதி வெளியிட்டுவிடுங்கள். முகவரி 'ஹோம்.எச்டிஎம்எல்' என்று பதிந்துவிடும். பிறகு அதே பக்கத்தைத் திருத்தத் திறந்து, தலைப்பை 'முகப்பு' என்று மாற்றிச் சேமியுங்கள். தலைப்பு மாறும், முகவரி மாறாது.

இப்போது அதை முதலில் வரவைக்க வேண்டும். செட்டிங்ஸ் போய்க் கீழே இறங்கினால் 'எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' என்று ஒரு பகுதி, அதற்குள் 'கஸ்டம் ரீடைரக்ட்ஸ்' இருக்கும். 'ஃப்ரம்' கட்டத்தில் ஒரே ஒரு சாய்கோடு. 'டூ' கட்டத்தில் சாய்கோடு, பி, மறுபடி சாய்கோடு, அப்புறம் ஹோம்.எச்டிஎம்எல். பக்கத்தில் 'பெர்மனன்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள். நிரந்தரம் என்று சொல்லிவிட்டால் வந்துபோனவர்களின் பிரவுசர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், நாளைக்கு நீங்கள் மனசு மாறினாலும் அவர்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கும்.

இதைச் செய்து முடித்ததும் ஒரு பதற்றம் வரும்: பதிவுகளையெல்லாம் காணோமே! காணாமல் போகவில்லை. உங்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'சர்ச்' என்று தட்டினால் பழையபடி எல்லாம் வரிசையாக நிற்கும். அந்த முகவரியை முகப்பில் 'எல்லாப் பதிவுகளும்' என்று ஓர் இணைப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய முகப்பையும் பார்த்தேன். ரோஜாப்பூ, அதன் கீழே 'வருக வருக, தங்கள் வரவு நல்வரவாகுக' என்று வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, அதற்கும் கீழே ஒரு குறள், அப்புறம் உங்கள் படம். போனில் பார்த்தால் நாலு தடவை விரலால் தள்ளிய பிறகுதான் 'இலக்கணம்' என்ற சொல்லே கண்ணில் படுகிறது. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, பத்தாம் வகுப்புப் பிள்ளை தேர்வுக்கு முந்தின ராத்திரி வருகிறான், அவனுக்கு ரோஜாப்பூ எதற்கு? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்பு இலக்கணக் குறிப்புகள் எல்லாம் இங்கே இருக்கின்றன: புணர்ச்சி, அணி, யாப்பு, பொருள்கோள். கட்டுரைகளும் வீட்டு விசேஷங்களும் தனியே. சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், பதில் போடுகிறேன்."

அவ்வளவுதான். புணர்ச்சி, அணி என்ற ஒவ்வொரு சொல்லிலும் அந்தந்த லேபிளுக்கு, அதாவது பதிவுகளைப் பிரித்துவைக்க ஒட்டும் பெயர்ச்சீட்டுக்கு, இணைப்பு. பதிவுகளுக்கு இதுவரை லேபிள் போடவில்லை என்றால் உட்கார்ந்து போடத்தான் வேண்டும், 240 பதிவுக்கு இரண்டு மாலைப்பொழுது ஆகலாம். குறளை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் படமும் இருக்கட்டும், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான்.

கேள்வி: அண்ணா, கிட்ஹப் பேஜஸ் என்ற இலவசச் சேவையில் என் பெயரில் தளம் செய்தேன். லேப்டாப்பில் இன்டெக்ஸ் கோப்பைத் திறந்தால் சூப்பராக வருகிறது. இணையத்தில் போனால் 404, பக்கம் இல்லை என்கிறது. ஒரு தடவை வந்தது, ஆனால் என் போட்டோ மட்டும் வரவில்லை. கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது, அதற்குள் வேண்டும்.
– மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, சர்வர் உன் தளத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற கோப்பை. அந்தப் பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் முகப்பு இல்லை என்று கையை விரித்துவிடும். நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் நோட்பேடு படம் தெரிகிறது, பிரவுசர் படம் இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வாலை மறைத்து வைக்கும். நீ 'இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்று பெயர் கொடுத்தாய், நோட்பேடு தன் பங்குக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' என்று ஒட்டிவிட்டது. இப்போது அதன் முழுப்பெயர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி. எக்ஸ்புளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் வால் வெளியே தெரியும், வெட்டிவிடு. சரி, லேப்டாப்பில் எப்படி வந்தது என்று கேட்பாய். அங்கே இன்னொரு பழைய கோப்பும் இருக்கிறது, நீ திறந்து பார்த்தது அது, ஏற்றியது இது.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, ரெபாசிட்டரியின், அதாவது கிட்ஹப்பில் உன் கோப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டியின், பெயர். உன் பயனர் பெயர், புள்ளி, கிட்ஹப், புள்ளி, ஐஓ என்று அப்படியே இருக்க வேண்டும், இலவசக் கணக்கில் அது பப்ளிக்காகவும் இருக்க வேண்டும். இன்னொன்று, இன்டெக்ஸ் கோப்பு வெளியிலேயே இருக்க வேண்டும். நீ 'மை வெப்சைட்' என்ற ஃபோல்டரோடு சேர்த்து இழுத்துப் போட்டிருக்கிறாய், கோப்பு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

அப்புறம் அந்த போட்டோ. குறிமுறையில் படத்தின் முகவரி சி டிரைவ், யூசர்ஸ், உன் பெயர், டெஸ்க்டாப் என்று நீள்கிறது. அது உன் மேஜையில் இருக்கும் லேப்டாப்பின் முகவரி. இன்டர்வியூவுக்கு வருகிறவர் அவர் கம்ப்யூட்டரில் திறந்தால் அவருடைய சி டிரைவில் உன் போட்டோ எப்படி இருக்கும்? படத்தை இன்டெக்ஸ் கோப்புக்குப் பக்கத்திலேயே ஏற்றி, வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடு. பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்துக்கொள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, கிட்ஹப்பில் அப்படி இல்லை. கேமராக்கள் சில 'ஜேபிஜி' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுத் தொலைக்கும். நானே ஒரு தடவை இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொலைத்திருக்கிறேன், சர்வர் கெட்டுப்போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு.

மாற்றியதும் உடனே வராது, பத்து நிமிஷம் வரை ஆகலாம். அதற்குள் மறுபடி மறுபடி அழித்து ஏற்றாதே, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஃப்5 தட்டிப் பார். முகப்பில் உன் பெயர், படிப்பு, நீ செய்த இரண்டு புராஜெக்ட், மின்னஞ்சல் போதும். சதவீதக் கோடு போட்டு 'பைத்தான் 85' என்று எழுதியிருப்பதை எடுத்துவிடு. அந்த 85-ஐ யார் அளந்தது என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வாய்?

கேள்வி: வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறேன். கூகுள் சைட்ஸில் என் மகள் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். அவள் போனில் விலை மாற்றினால் அவளுக்குத் தெரிகிறது, வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையே தெரிகிறது. முகப்பில் வேறு என்னென்ன போட வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, கூகுள் சைட்ஸில் நாம் செய்கிற மாற்றம் நமக்கு மட்டும்தான் சேமிப்பாகும். ஒவ்வொரு தடவையும் 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்தினால்தான் ஊருக்குத் தெரியும். மகளுக்குச் சொல்லிவிடுங்கள், இரண்டே விநாடி வேலை. அவள் கல்லூரிக் கணக்கில் செய்திருந்தால் வெளியாட்களுக்குத் திறக்காமலும் போகலாம், சொந்த ஜிமெயில் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. படிப்பு முடிந்தால் அந்தக் கணக்கும் போய்விடும்.

முகப்பில் 'பாரம்பரிய முறையில், தரத்தில் சமரசம் இல்லாமல்' என்று மூன்று பத்தி இருக்கிறது. ஊரில் ஊறுகாய் விற்கிற எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு: என்ன ஊறுகாய் இருக்கிறது, கால் கிலோ என்ன விலை, என்றைக்கு அனுப்புவீர்கள், யாரைக் கூப்பிட வேண்டும். நார்த்தங்காய் எப்போதும் உண்டு, மாவடு சீசனுக்கு மட்டும் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். 'மாவடு தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம்தான்' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரியும். விலைக்குப் பக்கத்தில் மாற்றின தேதியைப் போடுங்கள், சண்டை குறையும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு எண்ணும் அங்கே தெரியட்டும், வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அது வேண்டும்.

தினமும் பேசுகிற நம்பரைப் போடாமல் கடைக்கென்று ஒரு சிம் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு நேரடி இணைப்பு கொடுக்க டபிள்யூஏ.மீ, சாய்கோடு, 91, அதோடு ஒட்டி உங்கள் பத்து இலக்கம். நடுவில் இடைவெளியோ கூட்டல் குறியோ வேண்டாம். படங்களை அப்படியே போனிலிருந்து ஏற்றாதீர்கள், ஒவ்வொன்றும் நாலு எம்பி, ஐந்து எம்பி இருக்கிறது. சிக்னல் குறைவான ஊரில் இருப்பவருக்கு ஜாடி மூடி தெரியவே அரை நிமிஷம் ஆகும். அகலம் 1200 பிக்சலுக்குச் சுருக்கினால் போதும்.

கேள்வி: என் தகப்பனார் எங்கள் ஊர் வரலாற்றை 1990களின் கடைசியில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதை ஓர் இலவசத் தளத்தின் முதற்பக்கத்தில் ஒட்டினால் ஒரு சொல்லும் தமிழாக இல்லை. முழுக்க ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. வைரஸ் ஏதும் புகுந்திட்டுதோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைரஸ் இல்லை ஐயா. நீங்கள் இணைத்திருந்த துண்டில் ஓர் இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரிசையாக நிற்கின்றன. அதைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி. அதுதான் பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்'. ஜே என்றால் த, கேயும் பியும் சேர்ந்தால் மி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் புள்ளி. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலம்தான், பாமினியைப் போட்டுப் பார்த்தால் மட்டும் தமிழாகத் தெரியும். அதை, இன்று எல்லாக் கருவிகளும் தமிழுக்குப் பயன்படுத்தும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பாமினி என்று தேர்ந்தெடுத்து ஒட்டினால் மாறிவிடும். மாற்றிய பிறகு ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நடுவில் தகப்பனார் ஆங்கிலத்திலேயே தட்டியிருந்த பெயர்கள், கப்பல் பெயரோ கம்பெனி பெயரோ, அவையும் தமிழாக மாறி உளறிக்கொண்டு நிற்கும். அதையெல்லாம் கையால்தான் திருத்த வேண்டும். மூலக் கோப்பை மட்டும் தொடாமல் வைத்திருங்கள்.

இதே மாதிரி வேறு சிலரும் கேட்டிருப்பதால் நோயைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாகப் படிக்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட்டாகச் சேமிப்பாகும், அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் வரும். பக்கத்தின் தலைப்பகுதியில், எல்லாவற்றுக்கும் முன்னால், மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எல்லாமே கேள்விக்குறியாக வந்தால்தான் வருத்தமான விஷயம்: பழைய நோட்பேடில் தமிழுக்கு இடமில்லாத 'ஆன்சி' முறையில் சேமித்திருக்கிறீர்கள், எழுத்துகள் நிஜமாகவே போய்விட்டன, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் நோட்பேடு தானாகவே யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்பதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

கேள்வி: டாட் டிகே என்று முடியும் இணைய முகவரி இலவசமாகக் கிடைக்குமாமே, எடுத்துக்கொள்ளவா?
– வாசகர், ஈரோடு

பதில்: அது பழைய கதை. டிகே என்பது டோக்கலாவ் என்ற குட்டித் தீவுகளுடையது. இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ரீனம் நிறுவனம் 2023-இல் புதுப் பதிவுகளை நிறுத்தியது, 2024-இல் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. காசு இல்லை என்றால் பிளாக்ஸ்பாட், கிட்ஹப், வேர்ட்பிரஸ் தருகிற ஒட்டுப்பெயரே போதும். காசு இருந்தால் டாட் இன் வாங்குங்கள். முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்க எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்பலகையை முகப்பில் வைக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வைக்கலாம், முதல் மாதம் 17 என்று காட்டும். அதில் 12 நீங்கள்தான்.

கேள்வி: 2001-இல் ஜியோசிட்டீஸில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். கவிதைகள், கல்லூரி நண்பர்கள் படங்கள் எல்லாம் இருந்தன. இப்போது மறுபடி தொடங்க ஆசை, அது எங்கே போயிற்று?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு 'ஏதென்ஸ்'-இல் வீடா, 'சிலிக்கான் வேலி'யிலா? தெரியாதவர்களுக்காக: 1994-இல் தொடங்கிய இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸில் பக்கங்களுக்குத் தெருப்பெயர் மாதிரி பேட்டைப் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. எழுத்து, தத்துவம் என்றால் ஏதென்ஸ், கம்ப்யூட்டர் என்றால் சிலிக்கான் வேலி. 1999-இல் யாஹூ அதை 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. மூடுவதற்கு முன் ஆர்வலர்கள் சிலர் முடிந்தவரை பிரதி எடுத்து வைத்தார்கள், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் நிறைய இருக்கிறது. உங்கள் பழைய முகவரி, அந்தக் கதவு எண்ணோடு, ஏதாவது டைரியிலோ பழைய மின்னஞ்சலிலோ இருந்தால் அங்கே போட்டுப் பாருங்கள். எழுத்து வந்தாலும் படம் வராமல் இருக்கலாம்.

மறுபடி எங்கே தொடங்கினாலும் அது இன்னொருவர் இடம்தான், வாடகை வாங்கவில்லை என்பதற்காகக் காலி செய்யச் சொல்லமாட்டார்கள் என்று இல்லை. பிளாகரில் செட்டிங்ஸுக்குள் 'பேக்கப் கன்டென்ட்' இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து பென் டிரைவில் போடுங்கள். அதில் எழுத்துதான் வரும், படங்களைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எச்டிஎம்எல் கோப்பாகச் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு, மூலம் எப்போதும் அவர்கள் கையில். கவிதை எழுதுகிற உங்களுக்கு நியோசிட்டீஸ் பிடிக்கலாம். பழைய ஜியோசிட்டீஸ் ஞாபகத்திலேயே 2013-இல் தொடங்கப்பட்டது, இலவசம், கையால் எழுதின பக்கங்களுக்கென்றே இருக்கிறது.

கேள்வி: தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். அழைப்பிதழை ஒரு இலவசப் பக்கமாகச் செய்கிறேன். திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும், எப்படி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாழ்த்துகள். வைத்தாலும் ஒலிக்காது. பார்ப்பவர் ஒரு தடவையாவது தொடாமல் சத்தம் வரக் கூடாது என்று குரோம் 2018-லேயே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது, மற்ற பிரவுசர்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஆபீஸில் உட்கார்ந்து திறக்கிறவர்கள் உங்களை வாழ்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம். 'நாதஸ்வரம் கேட்க' என்று ஒரு பொத்தான் வையுங்கள், வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளட்டும். அது கீழே இருக்கலாம். முகூர்த்த நேரமும் மண்டபத்துக்கு வழி காட்டும் மேப் இணைப்பும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். பத்திரிகையை வீட்டில் வைத்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு 'எந்த மண்டபம்?' என்று தேடுகிறவர்கள்தான் அன்றைக்குக் காலையில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள்.